பத்து வெள்ளிப் புரவலர்கள்

கோலாலம்பூரில் தமிழ் நூல் வெளியீடு என்றால் பெரும்பாலும் அது ஜாலான் சுல்தான் சுலைமானில் உள்ள விஸ்மா துன் சம்பந்தனில், டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில்தான் நடக்கும். தலைமை தாங்க ஒருவர், முதல் நூலைப் பெற ஒரு வணிகர், வாழ்த்திப் பேச நாலைந்து பேர் இருப்பார்கள். வந்திருப்பவர்கள் வரிசையாக மேடையேறி, உறையில் வைத்த பணத்தைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். முதல் நூலை யார் பெற்றார், எவ்வளவு கொடுத்தார் என்பதை அறிவிப்பாளர் உரக்கச் சொல்வார். தலைக்கு மேலே இருக்கும் கூரைக்கு யார் கொடுத்தார்கள் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. கொடுத்தவர்கள் பால்வெட்டுக்காரர்கள்.

1950களின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் பழைய ஆட்களை வைத்துக்கொள்ளவில்லை. வேலை போனதோடு லயத்து வீடும் போனது. 1960இல் அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், விற்பனைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டார். அன்றைய நாள்கூலி மூன்று வெள்ளியை ஒட்டி இருந்தது. பத்து வெள்ளி என்றால் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்து ஓடி, மூன்று நாளுக்கு மேல் மரம் வெட்டினால்தான் வரும். அதைக் கொடுத்தார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பிறகு மற்றத் தோட்டங்கள் வந்தன, கட்டடம் வந்தது, அரங்கம் வந்தது.

கலைப் புரவலர் என்றால் நம் மனக்கண்ணில் அரசரோ ஜமீன்தாரோ செட்டியாரோதான் வருவார். மலேசியத் தமிழ்க் கலைக்கும் எழுத்துக்கும் முதல் புரவலர், கையில் உளியும் தோளில் பால்வாளி தூக்கும் காண்டாக் கம்பும் கொண்ட ஒரு தோட்டத்துப் பாட்டாளி. அந்தப் பாட்டாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். இதை எண்ணிப் பார்க்க ஏற்ற இடம் கோல சிலாங்கூரும் அதற்கு வடக்கே, கிழக்கே விரியும் தோட்டக் காடும்தான்.

சிலாங்கூர் ஆற்றங்கரையில், பிறகு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் அழைக்கப்படும் ஊரைச் சுற்றி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு அழித்து ரப்பர் போட்டார்கள். போட்டவர்களில் ஒருவர் ஹென்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் தொடங்கிய அவர்தான் 1917இல் தெனமாரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. மேற்கு ஆப்பிரிக்காவின் மரம், தமிழ்நாட்டு ஆட்கள், பிரெஞ்சு முதலாளி என்று மூன்றும் அந்த ஆற்றங்கரையில் கூடின. ஃபோக்கோன்னியே 1930இல் ‘மலேசி’ என்ற நாவலுக்காக பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்ட வாழ்க்கை பாரிஸின் வாசிப்பறைகளுக்குப் போனது அப்படித்தான். நாவலில் தமிழர்களும் வருகிறார்கள், துரையின் கண்ணுக்குப் பட்ட அளவில். துரையின் பங்களாவுக்குக் கீழே லயத்தில் இருந்தவர்கள் அந்தக் காலத்தில் எந்தக் கலையை வளர்த்தார்கள் என்பதை அறிய நாவல் உதவாது. அதற்குத் தோட்டத்துக் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

1920களின் இறுதியில் அரசு வரையறுத்த கூலி, எளிதில் போய்ச் சேரக்கூடிய பகுதிகளில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் காசிலிருந்துதான் கோயில் எழுந்தது. முதலில் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும். பிறகு அத்தாப்புக் கூரை. பிறகு தகரம். பிறகு சிமெண்டு. பல தோட்டங்களில் கோயில் வரியைச் சம்பளத்திலேயே பிடித்தார்கள். ஆண்டுக்கு ஒரு திருவிழாவுக்கு அந்தப் பணத்தில் தவுல், நாயனம் வரும், கரகம் வரும், விடியவிடிய நாடகம் நடக்கும். நாடகத்தில் அரிச்சந்திரனாக நின்றவர் காலையில் அதே தோட்டத்தில் மரம் வெட்டப் போவார். ஆடுகிறவரும் ஆட்டத்துக்குக் காசு போடுகிறவரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள் என்பதே அந்தப் புரவலத்தின் அழகு. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் கூத்தையும் பாட்டையும் உடம்பில் சுமந்துகொண்டு வந்தார்கள். வந்த இடத்தில் அதைக் காசு கொடுத்து உயிரோடு வைத்திருந்தார்கள்.

பத்திரிகைக்கும் அவர்களே காசு கொடுத்தார்கள். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இரண்டும் தோட்டத்து வாசகர்களை நம்பி நடந்தவை. ஒருவர் வாங்குவார், படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையும்போது, அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி எழுந்தது. வடமொழிக்கு என்று அறிக்கை தந்தவர் வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டத்து ஆட்களும் துறைமுகத்துக் கூலிகளும் கொடுத்தார்கள். 1956இல் துறை வந்தது, தமிழுக்கு இடமும் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களுக்கு, அவற்றைப் படிக்கும் வாய்ப்பே இல்லாதவர்கள் கொடுத்த வெள்ளியும் போயிருக்கிறது. இதைவிடப் பெரிய புரவலத்தை நான் எங்கும் படித்ததில்லை.

இதற்கு நெருங்கிய உறவுள்ள கதை ஒன்று அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஆர்துரோ ஷோம்பர்க், 1874இல் புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்த கறுப்பினத்தவர். நியூயார்க்கில் ஒரு வங்கியின் தபால் பிரிவில் வேலை பார்த்தார். சம்பளப் பணத்தில் கறுப்பின மக்கள் எழுதியவை, வரைந்தவை, அவர்களைப் பற்றியவை என்று வாங்கிச் சேர்த்தார். 1926இல் கார்னகி அறக்கட்டளை கொடுத்த 10,000 டாலரில் நியூயார்க் பொது நூலகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கிடைத்த பணத்தில் அவர் ஸ்பெயின், பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து என்று போய், மேலும் தேடினார். கறுப்பினச் சேகரிப்பாளர்களின் வழக்கமாக இன்று வளர்ந்திருப்பதற்கு அவர் முன்னோடி. பயணம் போவது, அங்கே இருக்கும் கலைஞனைத் தேடிப் பிடிப்பது, உயிரோடு இருக்கும்போதே அவன் படைப்பை வாங்குவது, பிறகு அதை ஊரறியப் பொது இடத்தில் வைப்பது.

1966 ஏப்ரலில் இரண்டு விழாக்கள் நடந்தன. செனகல் நாட்டு டக்காரில் அதிபர் செங்கோர் கூட்டிய முதல் உலகக் கறுப்பினக் கலை விழா ஒன்று. கோலாலம்பூரில் தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இன்னொன்று. கடல் கடந்து சிதறிய இரண்டு மக்கள் கூட்டங்கள் ஒரே மாதத்தில் தங்கள் பண்பாட்டை உலகத்தின் முன் வைத்தன. எட்டாண்டு கழித்து, 1974இல் செங்கோரே சென்னைக்கு வந்து திராவிடப் பண்பாட்டையும் ஆப்பிரிக்கப் பண்பாட்டையும் சேர்த்துப் பேசினார். அவர் கண்ட இன உறவை மொழியியலார் ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு கவிஞர், ஒரு நாட்டின் அதிபர், நம்மைத் தேடிக்கொண்டு வந்தார்.

அந்த 1966க்குப் பிறகு இரண்டு பாதைகளும் பிரிந்தன என்பதே என் கருத்து. டக்காரில் இரண்டாண்டுக்கு ஒருமுறை டக்கார்ட் கலைக்காட்சி நடக்கிறது. 2013இல் லண்டனில் தொடங்கிய ‘1-54’, 2016இல் தொடங்கிய ‘ஆர்ட் எக்ஸ் லாகோஸ்’ போன்ற சந்தைகளுக்கு அட்லாண்டாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கறுப்பினச் சேகரிப்பாளர்கள் போகிறார்கள். நைஜீரியாவின் யெமிசி ஷில்லன் தன் சேகரிப்பிலிருந்து ஆயிரம் படைப்புகளை ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, 2019இல் லாகோஸில் அருங்காட்சியகம் ஒன்று திறக்க வழிசெய்தார். அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி அதே ஆண்டு டக்காரில் கலைஞர்கள் தங்கி வேலை செய்ய ‘பிளாக் ராக்’ என்ற இடத்தை அமைத்தார். அவர்களுடைய பணம் பல திசையில் ஓடுகிறது. நியூயார்க்கிலிருந்து லாகோஸ், லாகோஸிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து டக்கார்.

நம் பணம் ஒரே திசையில் ஓடுகிறது. சென்னைக்கு.

இதைக் குறையாகச் சொல்வதற்கு முன், சென்னையிலிருந்து வந்ததையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு எழுத்தாளர் கு. அழகிரிசாமி 1950களில் தமிழ் நேசனில் ஆசிரியராக இருந்தபோது இலக்கிய வட்டம் நடத்தி, இங்கே எழுதத் தொடங்கியவர்களின் கதைகளை வரி வரியாகத் திருத்திக் கற்றுக்கொடுத்தார். அவர் இங்கே வாழ்ந்தார், சம்பளம் வாங்கினார், நம் எழுத்தாளர்களை உருவாக்கிவிட்டுத் திரும்பினார். அகிலன் 1970களில் விருந்தினராக வந்து ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்துவிட்டுப் போய் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். தமிழ்நாட்டில் பலர் இன்றும் மலேசியத் தோட்டத்தை அறிவது அந்த நாவல் வழியாகத்தான். ஃபோக்கோன்னியே போல் அவரும் வந்து பார்த்தவர், ஆனால் பரிவோடு பார்த்தவர். என் வருத்தம் அவர்மேல் இல்லை. தோட்டத்திலேயே பிறந்து எழுதியவர்களின் புத்தகங்கள் சென்னைக் கடைகளில் அந்த அளவுக்குப் போய் நிற்கவில்லையே என்பதில்தான்.

இன்று கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை வண்டியில் போனால் இரண்டு பக்கமும் செம்பனைதான். ரப்பர் அரிது. தெனமாரத்தில் நட்ட மரம் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டது. குலை வெட்டுவது இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளியர். தமிழ்க் குடும்பங்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ரவாங், புஞ்சாக் ஆலாம் என்று குடியேறிவிட்டன. தோட்டம் போய்விட்ட பிறகும் தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. வடக்கே உலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் பழைய தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல பத்தாண்டு காத்திருந்தார்கள். வீடே இல்லாத இடத்தில் சுவரில் என்ன படம் மாட்டுவது என்று யாரும் கேட்கலாம். ஆனால் வீடு இல்லாத காலத்தில்தான் அவர்கள் கோபுரம் எழுப்பினார்கள், பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். வறுமை அவர்களைத் தடுக்கவில்லை. ஒன்றாக இருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது. தோட்டம் கலைந்தபோது கலைந்தது அந்த ஒன்றுகூடல்தான். மாதச் சம்பளத்தில் சிறு தொகை பிடித்து ஒரு பொதுக் காரியத்துக்குப் போட்ட அமைப்பு, ஆட்கள் அடுக்குமாடிக்குப் போனதும் இல்லாமல் போனது.

அந்த இடத்துக்குத் தனி ஆட்கள் வந்தார்கள். இன்று கும்பாபிஷேகம் என்றால் ஒரு டத்தோ, ஒரு டான்ஸ்ரீ, சில வணிகர்கள். கோயில் சுவரில் உபயதாரர் பெயர் கருங்கல்லில் பொறிக்கப்படுகிறது. ஸ்தபதிகள் தமிழ்நாட்டிலிருந்து வருகிறார்கள். குடிநுழைவு அனுமதிக்காகக் கோயில் நிர்வாகங்கள் அலைகின்றன. 2006 ஜனவரியில் பத்துமலையில் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலையைச் செய்ய இந்தியாவிலிருந்து பதினைந்து சிற்பிகள் வந்தார்கள். முதன்மைச் சிற்பி திருவாரூர் தியாகராஜன். அவரே பிறகு சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகனைச் செய்தார். 2022 ஏப்ரலில் அதற்குக் குடமுழுக்கு. மலேசியத் தமிழர் பணம் கொடுத்து எழுப்பிய ஒரு வடிவம், அதைப் பார்த்துவிட்டுப் போனவர்களின் ஆசையால் தாய்நாட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறது. பெருமைப்படலாம். அதே வேளையில், பதினைந்து சிற்பிகளும் மூன்றாண்டு இங்கே இருந்தபோது பெஸ்தாரி ஜெயாவிலிருந்தோ ரவாங்கிலிருந்தோ இரண்டு பையன்களைச் சுதை வேலை கற்க அவர்களோடு விட்டிருந்தால், இன்று நம்மிடம் ஒரு சிற்பக் குழு இருந்திருக்கும். கோயில் கட்ட வருகிறவர்களோடு ஒரு பயிற்சியாளரை இணைப்பது பெரிய செலவு இல்லை.

சினிமாவுக்கும் கொடுத்தோம். 2002இல் விஜயகாந்த் தலைமையில் நடிகர்கள் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து கலைவிழா நடத்தித் தென்னிந்திய நடிகர் சங்கத்தின் கடனை அடைத்தார்கள். 2018 ஜனவரியில் அதே சங்கத்தின் சென்னைக் கட்டடத்துக்காகப் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நட்சத்திர விழா நடந்தது. டிக்கெட் வாங்கியவர்களில் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். தாத்தா பத்து வெள்ளி கொடுத்துத் தோட்டம் வாங்கினார். பேரன் அதைப்போலப் பல மடங்கு கொடுத்துத் தியாகராய நகரில் கட்டடம் எழ உதவினான். இன்னொரு பக்கம், சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் டான்ஸ்ரீ கே. ஆர். சோமா மொழி இலக்கிய அறவாரியமும் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கமும் சேர்ந்து 10,000 அமெரிக்க டாலர் அனைத்துலகப் புத்தகப் பரிசை ஏற்படுத்தின. வைரமுத்துவின் ‘மூன்றாம் உலகப் போர்’ அதைப் பெற்றது. உலகத் தமிழுக்கு நாங்கள் பரிசு கொடுக்கிறோம் என்று சொல்லும் துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது. சென்னையிடம் பரிசு கேட்டு நின்ற சமூகம் கொடுக்கிற இடத்துக்கு வந்தது சின்ன விஷயம் இல்லை.

வேறு மாதிரியும் நடக்கிறது. ராம்லி இப்ராஹிம் என்ற மலாய்க்காரர் ஒடிஷா போய் தேவ பிரசாத் தாஸிடம் ஒடிசி கற்று வந்து 1983இல் சூத்ரா என்ற நடன அமைப்பைத் தொடங்கினார். இந்திய அரசு 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அவருடைய சூத்ரா, கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப் பின்னணிப் பிள்ளைகளுக்கு நடனம் கற்றுக்கொடுக்க ஆசிரியர்களை அனுப்பியது. சூத்ரா அரங்கில் ஏறிய தோட்டத்துப் பிள்ளையின் பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்திருப்பது எனக்கு எந்தச் சிலைத் திறப்பை விடவும் பெரிய காட்சி. இந்த வட்டாரத்து இளைஞர்கள் தாங்களே காசு போட்டு வளர்க்கும் உறுமி மேளத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கற்றவர்கள் அதைச் சத்தம் என்று ஒதுக்குகிறார்கள். பழைய லயத்துப் புரவலம் இன்னும் அப்படியே மிஞ்சியிருப்பது அங்கேதான்: கருவி வாங்கக் காசு போடுகிறவனும் அடிக்கிறவனும் ஒரே ஆள்.

ஓவியத்தில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். அழகன்குளத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, மலேசியாவின் முன்னணி ஓவியரானவர் சையத் தாஜுதீன். ஜெ. அனுரேந்திரா மலேசிய இந்தியரின் வாழ்க்கையைப் பெரிய திரைகளில் வரைந்தவர். இவர்களின் ஒரு படமாவது உங்களுக்குத் தெரிந்த எந்தத் தமிழர் வீட்டுச் சுவரில் இருக்கிறது? சென்னைக்குப் பட்டுச்சேலைக்கும் நகைக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பறக்கும் நம் வசதியான குடும்பங்கள், சோழமண்டலம் ஓவியர் கிராமம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1966 முதல் இருப்பதை அறியாமலே அந்த வழியாக மாமல்லபுரம் போய்விட்டு வருகின்றன.

சென்னையைவிட அவசரமான ஊர்கள் வேறு இருக்கின்றன. நம்மைப்போலவே கப்பலேறித் தோட்டத்தில் இறங்கியவர்களின் ஊர்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலையையே கலைப்பொருளாக்கி, கொழுந்து பறிக்கும் பெண்களின் வாழ்வைச் சொல்கிறார். அருள்ராஜ் உலகநாதன் லயத்து வாழ்க்கையை வரைகிறார். தலவாக்கலைத் தோட்டத்தில் தொழிலாளியாக இருந்துகொண்டே எழுதியும் வரைந்தும் வந்தவர் மல்லிகை சி. குமார். அவர்கள் வரைந்த லயம் நம் பாட்டி பிறந்த லயத்தின் தங்கை. 1860இல் கரும்புத் தோட்டத்துக்குத் தமிழர்கள் இறங்கிய டர்பனிலும், மொரிஷியஸிலும், ரீயூனியனிலும் இதே கதையை வேறு வண்ணத்தில் சொல்லும் கலைஞர்கள் இருக்கிறார்கள். லாகோஸுக்கும் டக்காருக்கும் போகும் கறுப்பினச் சேகரிப்பாளர் செய்வது இதுதான்: தன்னைப்போல் சிதறியவனின் கையிலிருந்து வாங்குவது. நாம் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு ஒரு முறைகூட அப்படிப் போனதில்லை.

ஆகையால் ஒரு வேண்டுகோள். கோல சிலாங்கூரிலோ ரவாங்கிலோ உலு சிலாங்கூரிலோ தோட்டத்தில் பிறந்து இன்று கொடுக்கும் நிலையில் இருக்கிற குடும்பங்கள் பத்து சேர்ந்து, சம்பந்தன் கேட்ட அந்த மாதப் பணத்தை இன்றைய மதிப்புக்கு உயர்த்திப் போடுங்கள். அந்தப் பணத்தில் முதலில் உங்கள் பழைய தோட்டத்துக் கோயில் கணக்குப் புத்தகங்கள், திருவிழாப் படங்கள், நாடகத் துண்டறிக்கைகள் எது கிடைத்தாலும் வாங்கிப் பாதுகாத்து, அருகில் இருக்கும் தமிழ்ப்பள்ளியில் ஓர் அறையில் வையுங்கள். அடுத்த விடுமுறைக்குச் சென்னைக்குப் பதில் கொழும்பு போய், ரயிலேறி ஹட்டனில் இறங்குங்கள். ஓர் ஓவியத்தை உரிய விலை கொடுத்து வாங்கி வந்து, அதே பள்ளியின் சுவரில் மாட்டுங்கள். கீழே உபயம் என்று உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. வரைந்தவர் பெயரை அதைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள்.